திரைப்படத்தைச் சவாரியாக எழுதுவது எப்படி

புகழ்பெற்ற ஒரு படத் தொடரைத் தீம் பார்க் சவாரியாக மாற்றும் பொறுப்பு ஒருவரிடம் வந்து சேர்ந்தால், அவர் பெரும்பாலும் முதலில் செய்வது அந்தப் படத்தின் முக்கியக் காட்சிகளைப் பட்டியலிடுவதுதான். பத்துக் காட்சிகள் தேறும். அவற்றை ஐந்தாகக் குறைப்பார். வண்டி செல்லும் பாதையின் இரு பக்கமும் அடுக்கி வைப்பார். அப்படிப் பிறக்கும் சவாரி படத்தின் சுருக்கமாக இருக்குமே தவிர, தனக்கென ஒரு கதை உடையதாக இருக்காது. இரண்டு மணி நேரம் ஓடும் படத்தைச் சில நிமிடங்களில் சொல்லி முடிக்க இயலாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், திரையரங்கில் இருப்பவர் கதைக்கு வெளியே அமர்ந்திருக்கிறார், சவாரியில் இருப்பவரோ உடலோடு கதைக்குள் அமர்ந்திருக்கிறார் என்பதாகும். வண்டி திரும்பினால் அவர் திரும்புகிறார். வண்டி விழுந்தால் அவருடைய வயிறு கலங்குகிறது. ஆகவே காட்சிப் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வியிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்: வண்டியில் அமர்ந்திருக்கும் இந்த மனிதர் கதையில் யார்?

பயணிக்கு ஒரு வேடம்

இந்தக் கேள்வி எவ்வளவு பழையது என்பதற்கு 1955-இல் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்டே சான்று. அங்கே முதல் நாளிலிருந்தே இருந்த ஸ்னோ ஒயிட் சவாரியில் ஸ்னோ ஒயிட்டின் உருவம் கிடையாது. பயணிதான் ஸ்னோ ஒயிட், காட்டில் மிரள்வதும் சூனியக்காரியை எதிர்கொள்வதும் அவர்தான் என்று வடிவமைப்பாளர்கள் எண்ணியிருந்தார்கள். பீட்டர் பான் சவாரியும் அதே எண்ணத்தில்தான் அமைந்தது. ஆனால் இறங்கி வந்தவர்களுக்கு அது புலப்படவில்லை. ஸ்னோ ஒயிட் எங்கே என்றுதான் அவர்கள் கேட்டார்கள். 1983-இல் அந்தப் பகுதியைப் புதுப்பித்தபோது இரண்டு சவாரிகளிலும் நாயகியின் உருவமும் நாயகனின் உருவமும் சேர்க்கப்பட்டன. பயணியைக் கதைக்குள் வைக்கலாம் என்ற எண்ணம் மிக நல்ல எண்ணம் என்றே நான் கருதுகிறேன். அதை யாரும் பயணியிடம் சொல்லவில்லை என்பதும், நாயகியின் வேடமே அவருக்குத் தரப்பட்டது என்பதும்தான் குறைகள். எல்லோருக்கும் முகம் தெரிந்த ஒரு பாத்திரத்தின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கும்படி ஒருவரிடம் கேட்டால், அவர் அந்த முகத்தைத்தான் தேடுவார்.

எனவே நாயகனுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு சாதாரண வேடத்தைப் பயணிக்குக் கொடுங்கள். 1987-இல் வந்த, ஸ்டார் வார்ஸ் படங்களை ஒட்டிய ஸ்டார் டூர்ஸ் சவாரியில் நீங்கள் விண்வெளிச் சுற்றுலா நிறுவனம் ஒன்றில் சீட்டு எடுத்த சுற்றுலாப் பயணி. 1996-இல் ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டூடியோஸில் திறக்கப்பட்டு 2018 வரை ஓடிய ஜுராசிக் பார்க் சவாரியில் நீங்கள் டைனோசர் பூங்காவைப் பார்க்க வந்த பார்வையாளர். பூங்காவுக்கு வந்தவரிடம் பூங்காவுக்கு வந்தவராக இருங்கள் என்று சொல்வதால், அங்கே நடிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. ஃபுளோரிடாவில் 2014-இல் வந்த ஹாரி பாட்டர் வங்கிச் சவாரியில் நீங்கள் கிரிங்காட்ஸில் புதுக் கணக்குத் தொடங்க வந்த வாடிக்கையாளர். மூன்று வேடங்களுக்கும் பொதுவான இயல்புகளைக் கவனியுங்கள். ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட முடிகிறது. பயணியிடம் இல்லாத எந்தத் திறமையும் தேவைப்படவில்லை. பல பேர் ஒரே வண்டியில் ஏன் அமர்ந்திருக்கிறார்கள் என்பதற்கும் அதுவே விடை சொல்லிவிடுகிறது. இந்த மூன்றாவது இயல்பை எழுத்தாளர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே வீரன் நீதான் என்று குரல் முழங்கும்போது, பக்கத்து இருக்கையில் இன்னொருவர் பாதுகாப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த வாக்கியம் பொய்யாகிவிடும்.

வேடம் பாதியில் மாறவும் செய்யலாம், ஆனால் அந்த மாற்றத்தைப் பயணி தன் உடலால் உணர வேண்டும். 2019-இல் திறக்கப்பட்ட ரைஸ் ஆஃப் த ரெசிஸ்டன்ஸ் என்ற ஸ்டார் வார்ஸ் சவாரி இதற்குச் சிறந்த பாடம். அங்கே நீங்கள் கிளர்ச்சிப் படையில் புதிதாகச் சேர்ந்தவராகத் தொடங்கி, கைதியாகி, பிறகு தப்பி ஓடுபவராக முடிகிறீர்கள். சிறிய விண்கலம் ஒன்றில் நின்றபடி பயணம் செய்கிறீர்கள். நீங்கள் உள்ளே வந்த அதே கதவு மீண்டும் திறக்கும்போது வெளியே 50 எதிரிப் படை வீரர்கள் அணிவகுத்து நிற்கும் பிரம்மாண்டமான கூடம் தெரிகிறது. உள்ளே இருப்பவர்கள் அறியாதபடி அந்தக் கலம் முழுவதும் சுழன்று திரும்பியிருக்கிறது. சற்று முன்பு வரை புன்னகையோடு வரவேற்ற பணியாளர்களுக்குப் பதிலாக, எதிரியின் சீருடை அணிந்த பணியாளர்கள் கடுகடுத்த முகத்தோடு உங்களை விரட்டுகிறார்கள். நீங்கள் கைதிகள் என்று யாரும் விளக்க வேண்டிய அவசியமே அங்கே இல்லை.

படத்தின் எந்தக் கணத்தில் நுழைவது

வேடம் முடிவானதும், அந்த வேடம் படத்தின் காலவரிசையில் எங்கே நிற்கிறது என்பதை முடிவு செய்யுங்கள். படத்தின் கதையையே திரும்பச் சொல்லலாம். படத்தில் நடக்கும் ஒரு சம்பவத்துக்குப் பக்கவாட்டில் நிற்கலாம். படம் முடிந்த பிறகு நடக்கும் புதிய நிகழ்ச்சியை எழுதலாம். கிரிங்காட்ஸ் சவாரி இரண்டாவது வகை: நாயகர்கள் வங்கிக்குள் புகுந்து பொருளை எடுக்கும் அதே நாளில் நீங்களும் கணக்குத் தொடங்க வந்து மாட்டிக்கொள்கிறீர்கள். 2017-இல் வந்த அவதார் சவாரி மூன்றாவது வகை: படத்தில் நடந்த போர் முடிந்து ஒரு தலைமுறை கழிந்த காலம் அது, படத்தின் நாயகன் அங்கே தேவைப்படவில்லை. பக்கவாட்டு நிகழ்ச்சியும் புதிய நிகழ்ச்சியும் எழுத்தாளருக்கு மூச்சு விட இடம் தருகின்றன. ரசிகர்கள் வரிக்கு வரி மனப்பாடம் செய்திருக்கும் ஒரு காட்சியை மறுபடியும் நடித்துக் காட்டும் சுமையும் அவற்றில் இல்லை.

கதையையே திரும்பச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், சம்பவங்களை விட்டுவிட்டு அந்தப் படத்தில் மக்கள் நெஞ்சில் தங்கிய ஓர் உணர்வை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டர் பான் சவாரி மிகச் சிறியது. ஆயினும் எழுபது ஆண்டுகளாக மக்கள் அதற்காகக் காத்து நிற்கிறார்கள். மேலேயுள்ள தண்டவாளத்திலிருந்து தொங்கும் கப்பலில் அமர்ந்து, இரவு நேர லண்டனின் விளக்குகளுக்கு மேலாகப் பறக்கும் அந்தச் சில விநாடிகள்தான் அதற்குக் காரணம் என்பேன். பறத்தல் என்ற ஒன்றை மட்டும் அது எடுத்துக்கொண்டது. அதைக் கீழே தண்டவாளம் தெரியாதபடி உண்மையாகவே தந்தது. டிஸ்னியின் வடிவமைப்புப் பிரிவை நெடுங்காலம் வழிநடத்திய மார்ட்டி ஸ்கிளார் தன் துறையினருக்காக எழுதி வைத்த பத்து விதிகளில் ஒன்று, ஒரு நேரத்தில் ஒரே கதையைச் சொல் என்பது. சவாரிக்கு எழுதுபவர் அதை இன்னும் இறுக்கி, ஒரு சவாரிக்கு ஒரே உணர்வு என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒரு சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். உங்கள் சவாரியின் கதையைப் பாத்திரப் பெயர் எதையும் உச்சரிக்காமல், படத்தைப் பார்த்திராத ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். படம் பிடித்துப்போன பிள்ளையோடு, அந்தப் படத்தைப் பார்த்திராத பெற்றோரும் பாட்டியும் அதே வண்டியில் அமர்வார்கள். வங்கிக்குப் போனோம், கொள்ளை நடந்தது, காவலுக்கு இருந்த டிராகன் எங்களைக் காப்பாற்றியது என்று அவர்களும் பிறகு சொல்ல முடிந்தால் கதை நிற்கிறது என்று பொருள்.

வரிசையே முதல் அத்தியாயம்

சவாரி சில நிமிடங்கள். வரிசை ஒரு மணி நேரமாகக்கூட இருக்கலாம். கதை எழுதுபவருக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு வேறு எங்கும் கிடைக்காது. 1995-இல் டிஸ்னிலேண்டில் வந்த இண்டியானா ஜோன்ஸ் சவாரியின் வரிசை ஏறத்தாழ அரை மைல் நீளமுள்ளது. அது காட்டு வழியாகவும் கோயிலின் குறுகிய நடைகள் வழியாகவும் செல்கிறது. சுவர்களில் பொறிக்கப்பட்ட விசித்திர எழுத்துகளை நின்று கூட்டிப் படித்தால் எச்சரிக்கைகள் கிடைக்கின்றன. செல்வமும் இளமையும் வருங்காலத்தைக் காணும் ஆற்றலும் தரும் தெய்வம் உள்ளே இருக்கிறது, ஆனால் அதன் கண்களைப் பார்க்கக் கூடாது. அந்த நீண்ட வரிசை முழுவதும் இந்த ஒரே விதியைத்தான் வெவ்வேறு வடிவங்களில் ஊட்டுகிறது. பழைய செய்திப் படம் போல எடுக்கப்பட்ட பாதுகாப்பு விளக்கமும், இருக்கைப் பட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள் என்பதோடு சேர்த்து, கண்ணைப் பார்க்காதீர்கள் என்றே சொல்கிறது. பிறகு வண்டியில் ஏறிய சற்று நேரத்தில், நீ என் கண்களைப் பார்த்துவிட்டாய் என்று தெய்வம் கர்ஜிக்கும்போது, அதற்குப் பின் நடக்கும் அத்தனை ஆபத்துக்கும் காரணம் பயணிக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய செய்முறை இதுதான்: வரிசைக்கு ஒரே ஒரு விதியை அல்லது ஒரே ஒரு வாக்குறுதியை ஒதுக்குங்கள், அதைக் குறைந்தது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் வேறு வழியில் சொல்லுங்கள். வரிசையில் நிற்பவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், தொலைபேசியைப் பார்ப்பார்கள், அழும் குழந்தையைத் தேற்றுவார்கள். விரைவு வழியில் வருபவர்கள் பாதி வரிசையைப் பார்க்கவே மாட்டார்கள். ஆதலால் வரிசையில் வைப்பவை எல்லாம் பார்த்தால் சுவை கூட்டுபவையாக இருக்கட்டும். பார்க்காவிட்டால் கதை புரியாமல் போகும் செய்தியை, எல்லோரும் கட்டாயம் நின்று செல்லும் கடைசி அறைக்கு வையுங்கள். பாதுகாப்பு அறிவிப்பையும் கதைக்கு வெளியே தள்ளிவிடாதீர்கள். 2010-இல் திறக்கப்பட்ட ஹாக்வார்ட்ஸ் கோட்டைச் சவாரியில் அதைச் சொல்வது மந்திரத் தொப்பி. விதிமுறை ஒன்றாக இருந்தாலும், சொல்பவர் அந்த உலகத்தவராக இருந்தால் மக்கள் காது கொடுக்கிறார்கள்.

வரிசையில் வாங்கி முடிவில் திருப்பிக் கொடுக்கும் உத்தியில், 1990-இல் ஃபுளோரிடாவில் வந்த இ.டி. சவாரியை மிஞ்சிய ஒன்றை நான் அறியேன். நுழையும்போது பயணிகள் தம் பெயரைச் சொல்கிறார்கள், ஓர் அட்டையைப் பெற்றுக்கொள்கிறார்கள், பிறகு அதை மறந்தும் விடுகிறார்கள். இறுதியில் இ.டி. என்ற அந்த வேற்றுக்கிரகவாசி அவர்களைப் பெயர் சொல்லி அழைத்து விடைகொடுக்கிறான். நுட்பம் எளிமையானது, ஆனால் நண்பனின் கிரகத்தைக் காப்பாற்ற உதவியவர் என்ற வேடத்தை அந்த ஒற்றைச் சொல் முத்திரையிட்டு உறுதி செய்துவிடுகிறது.

வண்டியின் அசைவுக்கு எழுதுதல்

இனி வண்டிக்குள் வருவோம். எழுதத் தொடங்கும் முன் பொறியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு: வண்டிகள் தனித்தனியாகப் புறப்படுகின்றனவா, ஒரே சங்கிலியாக ஓடுகின்றனவா, இரண்டு வண்டிகளுக்கு இடையே எத்தனை விநாடி, நிற்க முடியுமா, பின்னோக்கிப் போக முடியுமா, எங்கே ஏற்றம், எங்கே இறக்கம். 12 பேர் அமரும் வண்டி 30 விநாடிக்கு ஒன்று புறப்பட்டால் ஒரு மணி நேரத்தில் 1440 பேர் செல்வார்கள். அந்த எண்ணிக்கையைக் குறைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அப்படியானால், வண்டி நின்று பார்க்கும் எந்தக் காட்சியும் 30 விநாடிக்குள் தொடங்கி, முடிந்து, அடுத்த வண்டிக்காகப் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். நீங்கள் எழுதும் வசனத்தின் நீளத்தை இந்தக் கணக்குதான் தீர்மானிக்கிறது.

வண்டிகள் சங்கிலியாக இடைவெளியின்றி ஓடும் சவாரியில் நிலைமை இன்னும் கடினம். ஒரு காட்சியின் முன்னால் எப்போதும் யாரோ ஒருவர் வந்துகொண்டும் யாரோ ஒருவர் போய்க்கொண்டும் இருப்பதால், தொடக்கமும் முடிவும் உள்ள நிகழ்ச்சியை அங்கே வைக்கவே முடியாது. ஓயாமல் நடந்துகொண்டிருக்கும் ஒரு நிலையைத்தான் வைக்கலாம். விருந்து, நடனம், கல்லறைத் தோட்டத்தில் கூத்தடிக்கும் ஆவிகள் போன்றவை அத்தகைய நிலைகள். 1969-இல் வந்த ஹாண்டட் மேன்ஷன் என்ற பேய் மாளிகைச் சவாரி இத்தகைய நிலைகளாலேயே கட்டப்பட்டதால்தான் அது இன்றும் கச்சிதமாக இருக்கிறது. 2011-இல் வந்த லிட்டில் மெர்மெய்ட் சவாரியும் அதே வகைச் சங்கிலியில் ஓடுவதுதான். கடலுக்கடியில் நடக்கும் ஆட்டமும் பாட்டும் அதில் அழகாக அமைந்தன. ஆனால் வில்லியின் வீழ்ச்சி ஒரு நிகழ்ச்சி, ஓயாமல் நடக்கும் நிலை அல்ல. அது ஓரமாக ஒரு சிறு காட்சியாக ஒடுங்கி, கண்ணிமைக்கும் நேரத்தில் திருமணக் கொண்டாட்டம் வந்துவிடுகிறது. முடிவு அவசரமாகிவிட்டது என்று ரசிகர்கள் குறைப்பட்டதன் வேர், என் பார்வையில், எழுதியவரின் சொற்களில் இல்லை. சங்கிலியில் ஓடும் வண்டிக்கு நிகழ்ச்சியை மையமாகக் கொண்ட கதையைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது.

வண்டியின் ஒவ்வோர் அசைவும் உங்கள் கதையின் வினைச்சொல் என்று கொள்ளுங்கள். ஜுராசிக் பார்க் சவாரியின் 84 அடிச் சரிவை எடுத்துக்கொள்வோம். சரிவு இருந்தால் அதற்கு முன் ஏற்றம் இருந்தே தீரும், ஏற்றம் மெதுவாகத்தான் இருக்கும். அந்த மெதுவான நேரத்தை வீணாக்காமல், படகு வழிதவறி இருண்ட கட்டடத்துக்குள் ஏறுவதாகவும், பூங்காவின் காவல் ஏற்பாடுகள் குலைந்துபோனதாகவும் கதை அமைத்தார்கள். உச்சியில் டைரனோசரஸ் குனிகிறது. தப்புவதற்கு மிஞ்சிய ஒரே வழி கீழே விழுவதுதான். சரிவு அங்கே பயமுறுத்தலாகவும் மீட்பாகவும் ஒருசேர நிற்கிறது. 2016-இல் வந்த ஃப்ரோசன் சவாரி, பழைய படகுச் சவாரி ஒன்றின் கால்வாயையே பயன்படுத்திக்கொண்டது. அந்தப் பழைய பாதையில் படகு பின்னோக்கி நகரும் இடம் ஒன்று இருந்தது. படத்தின் பனி அரசி எல்சா தன் புகழ்பெற்ற பாடலைப் பாடிக்கொண்டே கையசைத்துப் படகைப் பின்னால் தள்ளுவதாக அந்த இடத்தை மாற்றினார்கள். இயந்திரத்தின் கட்டாயம் பாத்திரத்தின் செயலாக மாறிய அழகான இடம் அது. அவதார் சவாரியில் பயணி அமரும் இருக்கை, பறக்கும் விலங்கின் மூச்சுக்கு ஏற்ப அவர் கால்களின் மேல் விரிந்து சுருங்குகிறது. எந்த வசனமும் தர முடியாத நெருக்கத்தை அந்த மூச்சு தந்துவிடுகிறது.

இவ்வளவும் இருக்க, வசனத்துக்கு மிஞ்சுவது மிகக் குறைந்த இடமே. வண்டியின் இரைச்சலும் பயணிகளின் கூச்சலும் பாதி வாக்கியத்தை விழுங்கிவிடும். அவர்கள் ஒரே சமயத்தில் பார்க்கவும் கேட்கவும் கம்பியைப் பிடிக்கவும் வேண்டியிருக்கிறது. ஒரு காட்சிக்கு ஒரு வாக்கியம், அதுவும் பயணியை நோக்கிய ஏவலாகவோ எச்சரிக்கையாகவோ இருப்பது நல்லது. திரும்பு, பிடித்துக்கொள், அவன் வருகிறான் போன்ற சொற்கள் அசைவோடு சேர்ந்தே காதில் விழும். முன்கதையை விளக்கும் நீண்ட பேச்சுகள் எல்லாம் வரிசைக்குப் போக வேண்டியவை.

கோளாறும் முடிவும்

ஏதோ ஒன்று பெரிதாகத் தவறிப்போவது இத்துறையின் மிகப் பழகிய திருப்பம். ஸ்டார் டூர்ஸில் விமானிக்கு அதுவே முதல் பயணம், ஜுராசிக் பார்க்கில் படகு திசைமாறுகிறது, வங்கியில் கொள்ளை. இதைப் பயன்படுத்துவதில் பிழையில்லை, ஆனால் கோளாறு அந்தப் படத்தின் உலகத்திலிருந்தே முளைக்க வேண்டும். இயற்கையை அடக்கிவிட்டோம் என்ற ஆணவம் உடைவதுதான் ஜுராசிக் பார்க் படத்தின் சாரம். ஆதலால் படகு தவறிப்போவது அங்கே அந்தச் சாரத்தையே உணர்த்துகிறது. அத்தகைய தொடர்பு இல்லாத படத்தில் விளக்குகளைச் சிவப்பாக்கி அபாய மணியை ஒலிக்கச் செய்வது வெறும் சத்தம். ஃப்ரோசன் சவாரி பனிநாள் கொண்டாட்டமாகவும், அவதார் சவாரி பறத்தலின் மகிழ்ச்சியாகவும் மட்டுமே இருக்க முடிந்தது என்பதை நினைவில் கொண்டு, உங்கள் படத்துக்கு ஆபத்து தேவையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயணியைச் செயலில் ஈடுபடுத்தும் ஆசையும் இப்போது பரவலாக இருக்கிறது. மில்லேனியம் ஃபால்கன் என்ற ஸ்டார் வார்ஸ் விண்கலச் சவாரியில் ஆறு பேரில் இருவர் விமானிகள், இருவர் துப்பாக்கி இயக்குபவர்கள், இருவர் பொறியாளர்கள். வேடத்தைக் கைகளாலேயே உணரவைக்கும் அருமையான ஏற்பாடு அது. எனினும் பின்னால் அமரும் பொறியாளர்கள் பக்கவாட்டில் ஒளிரும் பொத்தான்களைக் கவனிக்கும் நேரமெல்லாம் எதிரே விரியும் விண்வெளியைப் பார்க்க முடியாமல் போகிறது. பொத்தான் வைத்தால், பார்க்க வேண்டிய திசையிலேயே வையுங்கள்.

முடிவை எழுதும்போது, வண்டியின் கடைசி வரிசையில் ஓரத்தில் அமர்ந்திருப்பவருக்கும் உச்சக் காட்சி தெரிகிறதா என்பதை வரைபடத்தில் கோடிட்டுச் சரிபாருங்கள். அதன் பிறகு அமைதியான சில விநாடிகளைக் கட்டாயம் விட்டுவையுங்கள். அந்த நேரத்தில் கதையின் உலகத்தைச் சேர்ந்த ஒருவர் பயணியின் வேடத்தைச் சொல்லி விடைகொடுக்கட்டும். புதிய படங்கள் வரும்போது சவாரியும் மாற நேரிடும் என்பதையும் எண்ணி எழுதுங்கள். ஸ்டார் டூர்ஸ் 2011-இல் புதுப்பிக்கப்பட்டபோது, பல தொடக்கங்களும் பல முடிவுகளும் மாறி மாறி இணையும்படி அமைக்கப்பட்டது. பயணிகளில் ஒருவரின் புகைப்படத்தைத் திரையில் காட்டி, கிளர்ச்சியாளர்களின் உளவாளி இவர்தான் என்று சொல்லும் இடமும் சேர்ந்தது. எல்லாப் பயணங்களுக்கும் வேடம் ஒன்றாகவே இருந்ததால் காட்சிகளை மாற்றுவது எளிதாயிற்று.

ஒத்திகை

கட்டுமானம் தொடங்கும் முன், வெறும் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் பாதையை வரைந்து, வண்டியில் இருக்கப்போகும் வரிசையிலேயே நாற்காலிகளை வைத்து, படத்தைப் பார்த்திராத சிலரையும் சேர்த்து உட்கார வையுங்கள். ஒருவர் விநாடிக் கடிகாரத்தைப் பிடிக்க, மற்றொருவர் வசனங்களை வாசிக்க, இன்னும் சிலர் நாற்காலிகளைத் தள்ளிச் செல்லட்டும். முடிந்ததும் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள்: நீங்கள் யாராக இருந்தீர்கள், என்ன நடந்தது, ஏன் நடந்தது. இரண்டாவது கேள்விக்கு அநேகமாக எல்லோரும் சரியாகப் பதில் சொல்வார்கள். மூன்றாவதில் தடுமாறினால் வரிசையில் ஊட்டிய விதி போதவில்லை. அதை இன்னொரு வடிவத்தில் இன்னொரு முறை சேர்க்க வேண்டும். முதல் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வந்தால், காட்சிகளில் கை வைக்காமல், கடைசி அறையில் பயணியை வரவேற்கும் அந்த முதல் வாக்கியத்தை எடுத்து மறுபடியும் எழுதுங்கள். பிறகு நாற்காலிகளைத் தொடக்க இடத்துக்கு நகர்த்தி, வேறு சிலரை அழைத்து உட்கார வையுங்கள்.